சவரியாயி கேட்ட பாட்டு

1

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் என் வீட்டில் சண்டை. பூசைக்குக் கிளம்பும் முன் என் மகன் கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு கம்பிகளை முறுக்குவான். ஈப்போவில் நாங்கள் குடியிருப்பது பலகைச் சுவர் வைத்த அரசாங்க வீடு. அடுத்த அறையில் பெருமூச்சு விட்டால்கூடக் கேட்கும், கித்தார் கேட்காமல் இருக்குமா. நான் சவரம் செய்துகொண்டே, "கோயிலுக்குப் போறியா, கூத்துக்குப் போறியா?" என்று கேட்பேன். "கோயிலுக்குத்தான்பா. கூத்து நீங்கதான் பண்றீங்க" என்பான். பிளேடு முகத்தைப் பதம் பார்த்துவிடும். இது வாராவாரம் நடப்பது.

அவனுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ராயப்பன். என் தகப்பனார் பெயர். பள்ளிக்கூடத்தில் பீட்டர் ஆகிவிட்டான். இரண்டும் ஒரே அர்ச்சியசிஷ்டவருடைய பெயர்தானே என்று சொல்லி என் வாயை அடைத்துவிடுகிறான். தமிழ் பேசுவான், ஆனால் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை இங்கிலீஷில் இளைப்பாறிவிட்டு வருவான். பூசையும் அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. லத்தீன் போய், தமிழும் இங்கிலீஷும் வந்துவிட்டன. கடவுளைச் சர்வேசுரன் என்று சொன்னால் பிள்ளைகள் யார் அது என்கிறார்கள்.

நம் ஊர்க் கோயிலில் பங்கு மலர் போடுகிறவர்கள், அந்தக் காலத்துக் கோயில் பாட்டுகளின் அருமையைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். கடல் தாண்டி இருப்பவன் எழுதினால் உருக்கமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். போன வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருப்பேன். இப்போது உட்கார்ந்தால் கை ஓடவில்லை. சவரியாயி என்ற அம்மாள் இறந்து வருகிற வாரம் ஒரு வருஷம் ஆகிறது. ஆண்டுப் பூசைக்குச் சொல்லியாகிவிட்டது. அவருடைய கதையைச் சொல்லாமல் அந்தப் பாட்டுகளின் அருமையை எழுதினால் அது பொய்யாகப் போய்விடும்.

2

எங்கள் கோயில் திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம். வாசலில் நின்றால் மலைக்கோட்டை தெரியும். சுற்றிலும் வெங்காயமும் சோளமும் போட்ட காடு. பாட்டுக்காரர்கள் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் சம்சாரிகள். பகலெல்லாம் கமலை ஓட்டிவிட்டு, சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு, மரப்படி ஏறி, கோயில் வாசலுக்கு மேலே இருக்கிற பாட்டு மேடைக்குப் போவோம். வெள்ளைக்காரச் சாமியார் சொல்லிக்கொடுத்த லத்தீனைத் தமிழ் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவோம். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. காலால் மிதிக்கிற ஆர்மோனியம் ஒன்று இருந்தது. மழைக்காலத்தில் அதற்கும் இருமல் வந்துவிடும்.

எத்தனை பாட்டு இருந்தாலும், சாவுப் பூசையில் பாடுகிற அந்த நீண்ட பாட்டுக்கு ஈடு கிடையாது. கறுப்புத் துணி போர்த்திய பெட்டி, சுற்றிலும் மெழுகுதிரி, கறுப்பு உடையில் சாமியார். மேலே இருந்து எங்கள் குரல் இறங்கும். மேலே ஏறாமல் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிற மெட்டு. பாடுகிற எனக்கே உடம்பு சிலிர்க்கும். செத்தவரோடு பத்து வருஷம் பேச்சுவார்த்தை இல்லாதவன்கூடத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொள்வான். தனக்கு அந்தப் பாட்டு வேண்டும் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சத்தியம் வாங்கிக்கொண்டவர்கள் உண்டு. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் அது எல்லோருக்கும் கிடையாது. கோயிலுக்குள் இடது பக்கச் சிறகில் கீழத்தெருச் சனம் தனியாக உட்காரும். நடுவில் கம்பி அழி. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் பாட்டுக்காரர்கள் போவதில்லை. உபதேசியார் போய்ச் செபம் வாசிப்பார். பெட்டி கோயிலுக்குள் வராது. சாமியார் வாசலுக்கு வந்து மந்திரித்து அனுப்புவார். கல்லறையிலும் நடுவில் சுவர். இதை யாரும் சட்டமாக எழுதிவைக்கவில்லை. எழுதாமலே நடந்தது.

நான் கப்பல் ஏறுவதற்கு முந்தின வருஷம் ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தது. ஒருவர் எங்கள் தெருப் பெரியதனக்காரர். இன்னொருவர் கீழத்தெருவில் கிணறு வெட்டுகிறவர், சவரியாயியின் புருஷன். பெரியதனக்காரருக்காக உள்ளே நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். சாமியார் பூசையை முடித்துக்கொண்டு வெளியே வரும்வரை அந்த இன்னொரு பெட்டி வேப்பமரத்தடியில் காத்திருந்தது. நல்ல வெயில். பெட்டியில் ஈ உட்காராமல் முந்தானையால் விசிறிக்கொண்டே சவரியாயி அந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் மகன் மரியசூசை. இது எனக்கு இங்கே வந்து பல வருஷம் கழித்துத்தான் தெரியும். பாட்டு மேடையில் நின்றால் பீடம்தான் தெரியும், வாசல் தெரியாது.

3

மரியசூசை என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். நான் வந்த மறு வருஷம் அவனும் இங்கே வந்து சேர்ந்தான். நான் பொதுப்பணி ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி, அவன் மின்சாரக் கம்பத்தில் ஏறுகிற வேலை. ஊரில் என்னை 'ஐயா' என்று கூப்பிட்டிருப்பான். இங்கே 'அண்ணே' என்றான். முதல் தடவை எனக்குச் சுருக்கென்றது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு பழகியது. இப்போது அவன் ஒரு நாள் அப்படிக் கூப்பிடாவிட்டால் என்ன கோபமோ என்று தோன்றுகிறது.

ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி அனுமதி வாங்கி அம்மாவை வரவழைத்தான். குடியுரிமைக்கு மலாய் பேசிக் காட்ட வேண்டும். சவரியாயி அதிகாரி முன்னால் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் "நல்லா இருக்கேன் சாமி" என்று தமிழில் பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கடைசிவரைக்கும் குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அட்டைதான். என் மகன்மேல் அவருக்குப் பிரியம். அவர் ஒருவர்தான் அவனை "ராயப்பு" என்று கூப்பிடுவார். பீட்டர் என்று திருத்த அவனுக்கும் மனம் வந்ததில்லை.

போன வருஷம் ஒரு நாள் அதிகாலையில் அவர் உயிர் பிரிந்தது. நான் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். மரியசூசை உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான்.

"அண்ணே, அம்மா போயிருச்சு. நாலு மணிக்கு எடுக்கணும்."

நான் எழுந்து போய் அவன் தோளைப் பிடித்தேன். அவன் அழவில்லை.

"ஒரு காரியம் ஆகணும்ணே. கோயில்ல அந்தப் பாட்டைப் பாடணும். போன வாரம் அம்மா கேட்டுச்சு. ஏலே, உங்கப்பனுக்குத்தான் இல்ல, எனக்காச்சும் அந்தப் பாட்டு உண்டாடான்னு. உண்டும்மான்னு சொல்லிட்டேன்."

துக்க வீட்டுச் செய்தி கேட்ட நேரத்தில் எனக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அந்தப் பாட்டைக் கேட்க இன்னும் ஆள் இருக்கிறதே என்ற சந்தோஷம். "ஒனக்கும் அது பிடிக்குமாப்பா?" என்று கேட்டுவைத்தேன்.

"எனக்கா? கேட்டாலே வயிறு எரியும்ணே. அம்மா கேட்டுச்சு. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

முதலில் அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு வாங்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மலாய் சரளமாகப் பேசுவான் என்று மகனையும் கூட்டிக்கொண்டேன். அவன் சைக்கிளை நிறுத்திவிட்டு வருவதற்குள் நான் மேஜைக்கு முன்னால் போய், அம்மா செத்துவிட்டார் என்பதற்கு 'மாத்தி' என்று சொல்லிவிட்டேன். போலீஸ்காரர் முகம் சுளித்தார். பின்னாலேயே வந்த மகன் வேறு வார்த்தை போட்டுத் திருத்தினான். அவர் உடனே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுத ஆரம்பித்தார். வெளியே வந்ததும் மகன், "ஆடு மாடுக்குத்தான்பா அப்படிச் சொல்வாங்க. மனுசங்களுக்கு மரியாதையா வேற வார்த்தை இருக்கு" என்றான். பதினெட்டு வருஷமாக நான் எத்தனை துக்கத்துக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேனோ தெரியவில்லை.

அங்கிருந்து சாமியாரைப் பார்க்கப் போனோம். புதுச் சாமியார், இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. நல்லவர்தான். தோத்திரம் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"லத்தீன் இப்ப வேண்டாம்னு முடிவாயிருச்சே. பாட்டு வந்தவங்களுக்குப் புரியணும். தமிழ்ல நல்ல பாட்டு இருக்கு. உங்க மகன்கூட அழகா வாசிக்கிறான்."

"அந்த அம்மா ஆசைப்பட்டதுங்க சாமி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி. கோயிலுக்குள்ள வேண்டாம். பூசை முடிஞ்சு பெட்டி வெளிய வந்ததும் வாசல்ல நின்னு பாடிக்கோங்க."

தெரிந்து சொல்லவில்லை, பாவம். எங்களுக்கு இடம் கொடுத்த மாதிரிதான் அவர் நினைத்தார். மரியசூசையின் முகம் கறுத்துவிட்டது. "வாசல்லயா சாமி?" என்றான். "அதுக்கு எங்க ஊரே போதுமே. இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தோம்?" சொல்லிவிட்டு வெளியே போய்ச் சைக்கிளை எடுத்தான்.

சாமியார் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தையும் பெட்டியையும் வெயிலையும் சொன்னேன். எங்கள் கோயிலைப் பற்றி ஒரு அந்நியரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. மரியசூசை போன வாசலை அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு, "பீடத்துக்கு முன்னால பெட்டி இருக்கும்போதே பாடுங்க. கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

4

மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அடுத்து தாசையா. எங்கள் தெருக்காரர், எனக்கு மச்சான் முறை. ஊரில் என்னோடு பாடியவர். இங்கேயும் லத்தீன் நிற்கிறவரை கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் இரண்டு பேரும்தான் அந்தப் பாட்டைப் பாடுவோம். கோயில் ஆர்மோனியத்தின் சாவியும் அவரிடம்தான். லத்தீனை நிறுத்தியபோது என்னைவிட அதிகமாகக் கொதித்தவர் அவர். ஓடி வருவார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

யாருக்கு என்று கேட்டார். சொன்னேன். சட்டையைப் போட எடுத்த கை நின்றுவிட்டது.

"ஊருல இல்லாத வழக்கத்தை இங்க எதுக்கு மச்சான் ஆரம்பிக்கிறீரு?"

"இங்க எல்லாம் ஒரே கோயில்தானே."

"கோயில் ஒண்ணுதான். எம்மகளுக்கு நம்ம ஊருலதானே மாப்பிள்ளை பாக்கணும். தாசையா போயி அவுகளுக்குப் பாடுனான்னு செய்தி போகாதா? எனக்கு உடம்பு சரியில்ல, நீரு போயிட்டு வாரும்."

"சாவியாவது குடும்."

"எங்க வச்சேன்னு தெரியலியே."

சாவி அவர் தலைக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார். அப்படியும் அவர் திரும்பி எடுக்கவில்லை. அன்றைக்கு அவரை அடித்திருப்பேன், வயசைப் பார்த்து விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி எறிந்தேன். பழைய ஆட்கள் எப்படி இருந்தார்கள், இப்போது எப்படி ஆகிவிட்டார்கள் என்று கத்தினேன். என் மனைவி தெரசு துக்க வீட்டுக்குக் கொண்டுபோகக் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள்.

"தாசையா அண்ணன் மாறவே இல்லியே. ஊருல எப்படி இருந்தாகளோ அப்படியேதானே இருக்காக" என்றாள். "நீங்க ஒங்க பாட்டுக்கு ஆள் சேரலைன்னு கத்துறீகளா, அந்த அம்மாவுக்கு ஆள் சேரலைன்னு கத்துறீகளா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

நேரமோ ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள்ளிருந்து மகன் கித்தாரோடு வந்தான்.

"நான் ஒரே கம்பியைத் தட்டிட்டே இருக்கேன்பா. சுதி போகாது. பாடிடலாம்."

"சாவுப் பூசைக்குக் கித்தாரா?"

"சாவி கிடைச்சுதா?"

நான் சட்டையைத் திரும்ப எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

5

பங்கு மலர்க்காரர்களுக்கு இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாட்டு உசத்திதான். என் மகன் வாசிக்கிற எந்தப் பாட்டும் அதன் பக்கத்தில் நிற்காது. இதை அவனிடமும் சொல்வேன், ஆண்டவர் முன்னாலும் சொல்வேன். ஆனால் அந்தக் காலமும் உசத்தி என்று சேர்த்து எழுதச் சொன்னால் என்னால் ஆகாது. பாட்டைப் பாடியவன் நான், காலத்தைச் சுமந்தவர்கள் வேறு ஆட்கள்.

சவரியாயியின் பெட்டியை நடுக்கோயிலில், பீடத்துக்கு முன்னால் வைத்தார்கள். மரியசூசை முதல் வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். சாமியார் என் பக்கம் தலையசைத்தார். நான் பழக்க தோஷத்தில் பெட்டிக்கு வலது பக்கமாகப் போய் நின்றேன். மகன் பின்னால் உட்கார்ந்து கம்பியைத் தட்டினான். நான் முதல் அடியை எடுத்தேன். குரல் பழைய குரல் இல்லை, ஆனாலும் மெட்டு வந்தது. ஒரு நிமிஷம் நம் ஊர்ப் பாட்டு மேடையே வந்துவிட்ட மாதிரி இருந்தது.

முதல் அடி முடிந்ததும் நின்றேன். எதுவும் வரவில்லை.

அந்தப் பாட்டை நாங்கள் எப்போதும் இரண்டு அணியாகப் பிரிந்து பாடுவோம். வலது அணி ஒரு அடி, இடது அணி அடுத்த அடி, இப்படி மாறி மாறிக் கடைசிவரை போகும். நான் சின்ன வயசிலிருந்து வலது அணி. தாசையா இடது. இங்கே வந்தும் அதே பிரிவுதான். அவர் அடிகளை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுப் பாடியதில்லை. அவர் பாடும்போது மூச்சு வாங்கிக்கொண்டு அடுத்த என் அடியை நினைத்துக்கொண்டிருப்பேன். முழுப் பாட்டும் எனக்குத் தெரியும் என்றே இத்தனை வருஷமும் நம்பியிருந்தேன். பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான் தெரிகிறது, எனக்கு ஒன்றுவிட்டு ஒன்றுதான் தெரியும்.

விட்டதைத் தாண்டி அடுத்த அடிக்குப் போகலாம் என்றால் அதுவும் முடியவில்லை. அந்த இடைவெளி இல்லாமல் எனக்கு வாய் திறக்காது. அதனால் நின்றேன். தாசையா பாடி முடிக்கிற நேரம் எவ்வளவோ அவ்வளவும் நின்றேன். கோயில் மொத்தமும் அமைதி. மகனின் ஒற்றைக் கம்பி மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது. அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பிறகு என் அடி வந்தது, பாடினேன். மறுபடி நின்றேன். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் வாசலைப் பார்த்தேன். தாசையா வரவில்லை. பாட்டே அப்படித்தான் போல என்று சனங்கள் நினைத்திருப்பார்கள். யாரும் அசையவில்லை. அப்படியே கடைசி அடிவரை போனேன். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அது சவரியாயிக்காகவா, அவமானத்திலா என்று அப்போது பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இங்கே கல்லறையில் நடுச்சுவர் கிடையாது. சீனர், தமிழர், வெள்ளைக்கார வழிவந்த சட்டைக்காரர் எல்லோரும் வரிசையாகக் கிடக்கிறார்கள். பெட்டியை இறக்கும்போது மரியசூசை மண்டியிட்டுக் குழிக்குள் குனிந்து என்னவோ சொன்னான். மண் போட்டு மூடியதும் கூட்டம் கலைந்தது. மகன் கித்தாரை முதுகில் மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுக்கப் போனான். நானும் மரியசூசையும்தான் நின்றோம்.

"அண்ணே" என்றான். "அது இம்புட்டுத்தானா? வேப்பமரத்தடியில நிண்ணு கேக்கயில ரொம்பப் பெருசா இருந்துச்சு."

ஆமாம் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"இல்லப்பா. இன்னைக்குப் பாடுனது பாதிதான். மிச்சம் எனக்குத் தெரியாது."

அவன் ஈரமண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையிலிருந்து அழாத கண் அப்போதுதான் நிறைந்தது.

"பெட்டியை எறக்கயிலேயே அம்மாகிட்டச் சொல்லிட்டேனேண்ணே" என்றான், "முழுசும் பாடிட்டாங்கன்னு."